அம்மம்மாவின் மீன் பேணி

எழுபதுகளில் நம் கல்லூரி விடுதியில் இருந்தவர்களுக்கு என்னை "யப்பான்" என்றால்தான் தெரியும். அம்மா கோபே நகரத்தவர். அப்பா கப்பல் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட யாழ்ப்பாணத்தார். பதினொரு வயது வரை நான் வளர்ந்தது அம்மம்மா வீட்டில். கடற்கரையோரத் தெரு, எதிரே அவாஜித் தீவு தெரியும்.

நம் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொன்னதும் இக்கனாகோதான் ஞாபகம் வந்தது. நெத்தலியைவிட மெல்லிய மீன் குஞ்சு. மார்ச் மாதத்தை ஒட்டித்தான் பிடிபடும். விடியவே போய்க் கிலோக் கணக்கில் வாங்கி, அன்றைக்கே சமைத்துவிட வேணும். சோயா சோஸ், கல் கல்லான சீனி, மிரின் என்ற இனிப்பு அரிசி மது, சீவிய இஞ்சி எல்லாம் கொதித்து வந்ததும் அம்மம்மா மீனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவார். அதன்பிறகு சட்டியில் அகப்பை படக்கூடாது, கிளறினால் மீன் உடைந்துவிடும். சாறு வற்றும்வரை அடுப்படியை விட்டு அசையமாட்டார். வற்றியதும் வடிதட்டில் கொட்டுவார், நாங்கள் விசிற வேணும். சட்டென்று ஆறினால்தான் மினுக்கம் வரும்.

பக்கத்து வீடுகளிலும் அதே மீன்தான். ஆனாலும் இங்கிருந்து அங்கே ஒரு கிண்ணம் போகும், அங்கிருந்து இங்கே ஒன்று வரும். என்ன கணக்கோ! மாமி வைத்ததில் சீனி கூட என்பார் அம்மம்மா. இவர் வைத்ததில் இஞ்சி காணாது என்பார் மாமி. அப்பா மிளகாய்த்தூள் தூவும்போது மட்டும் அம்மம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். புத்தாண்டுக்கு வெள்ளை மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பில் வட்ட மோச்சி, பசையரிசி இடித்துச் செய்வது. தோக்கியோக்காரர் தெளிந்த சூப்பில் சதுர மோச்சி போடுவதை அம்மம்மா சமையல் என்று கணக்கில் எடுத்ததே இல்லை.

விடுதிக்கு ஒருமுறை அந்த மீன் பேணியில் அடைத்து வந்தது. "கருவாட்டுக்கு ஆரடா சீனி போட்டது?" என்று கேட்டவர்களே பாணோடு சேர்த்து அன்றிரவே பேணியை வழித்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவர் இன்று நம் சங்கத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார், பெயர் சொல்லப் போவதில்லை.

2017இலிருந்து மீன்பாடு படுத்துவிட்டது. கழிவுநீரை அதிகமாகச் சுத்திகரித்ததில் கடலில் சத்துக் குறைந்து, மீனுக்கு இரை இல்லாமல் போனதும் ஒரு காரணமாம். விலையும் ஏறிவிட்டதால் மச்சாள் இப்போது கொஞ்சமாகத்தான் வைக்கிறார். போன தடவை கோபேக்குப் போனபோது எனக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து வைத்திருந்தார். அப்பாவைப் போல மிளகாய்த்தூள் தூவித்தான் சாப்பிட்டேன். அம்மம்மா மன்னிக்கட்டும்.