இவனுக்காகத் தாங்கிய வனப்பு

மின்சார ரயிலில் திருவாலங்காடு வந்து, ஆட்டோ பிடித்து, அம்மாவும் நானும் கோயிலுக்குள் நுழைந்தபோது வெயில் ஏறிவிட்டது. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த தலம் என்று சம்பந்தரே கால் வைக்க அஞ்சிய மண். வாசல்படி தாண்டும்போது எனக்கும் உள்ளுக்குள் ஒரு கூச்சம்.

வடாரண்யேசுவரரையும் வண்டார்குழலியையும் தரிசித்துவிட்டு ரத்தின சபைக்கு வந்தோம். காளியோடு போட்டியிட்டுக் காலைத் தலைக்குமேல் தூக்கி ஆடியவர் சந்நிதி. ஆனால் நான் தேடி வந்தது அந்த ஆட்டத்தின் அடியில் இருக்க வரம் கேட்ட காரைக்கால் அம்மையாரை.

"எலும்பும் தோலுமா இருக்காங்களே அந்தம்மா! அவ்ளோ அழகா இருந்தவங்க, ஏன்டி இப்படிக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க?" என்றாள் அம்மா.

அம்மையார் கேட்டதும் இறைவன் மாங்கனி தந்த கதையை எனக்குச் சொன்னவளே அம்மாதான். அதில் அம்மையார், புனிதவதி என்ற இயற்பெயரோடு, நல்ல மனைவி, பாவம், அதைக் கண்டு பயந்து புருஷன் விட்டுட்டுப் போனவள். பெரியபுராணத்தை நானே படித்தபோதுதான் வேறொருத்தியைக் கண்டேன். பாண்டிநாட்டில் அந்தப் புருஷன் பரமதத்தன் இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்து அவள் காலில் விழுகிறான், இவள் மானுடப் பெண் அல்ல என்கிறான். அவள் அழவில்லை, அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறைவனிடம் பேசுகிறாள்: "ஈங்கிவன் குறித்த கொள்கை இது, இனி இவனுக்காகத் தாங்கிய வனப்பு நின்ற தசைப் பொதி கழித்து" உன் தாள் போற்றும் பேய்வடிவு தா.

'இவனுக்காகத் தாங்கிய' என்ற சொல்லில் நான் பலநாள் நின்றுவிட்டேன். அழகு அவளுக்குச் சுமையாக இருந்திருக்கிறது, ஒருவனுக்காகச் சுமந்த பொதி. 12ஆம் நூற்றாண்டில், பெரியபுராணம் பாடிய சேக்கிழார் இதை எழுதியிருக்கிறார். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே, இந்த ஆலங்காட்டைப் பாடிய மூத்த திருப்பதிகத்தில், அம்மையார் தன்னைக் 'காரைக்காற் பேய்' என்று தானே சொல்லிக்கொண்டார். புனிதவதி என்ற பெயர் அங்கே இல்லை, யாருடைய மனைவி என்பதும் இல்லை. பிறகு கயிலையில் ஈசன் அவளை "அம்மையே" என்றழைத்ததாகச் சேக்கிழார் பாடும் இடத்தில் எனக்கு எப்போதும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் பிராகாரத்தில் நடந்தபடி அம்மாவிடம் சொன்னேன். முட்டி வலி, தூணோரம் உட்கார்ந்துவிட்டாள். எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து,

"அந்த வரியை இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.