ஏர் ரைஃபிள் பெட்டிங்: முன்பக்கம் முடிந்தது, குரூப் பாதியாகிவிட்டது

20 மீட்டரில் 5 பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) சுட்டதில் ஓட்டைகளின் பரவல், அதாவது குரூப், மையத்துக்கு மையம் 17 மி.மீ. இதே துப்பாக்கி, இதே பெல்லட், போன மாதம் வரை 40 மி.மீ.க்குக் கீழே இறங்க மறுத்தது. ஸ்கோப்பை மாற்று, பெல்லட்டை மாற்று என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் ஸ்டாக்கை, அதாவது துப்பாக்கியின் மரக்கட்டையைத்தான் சந்தேகப்பட்டேன். அதுதான் சரி. உலோகப் பகுதி அசையாமல் உட்கார ஸ்டாக்கின் குழியில் ரெசின் வைத்து, அச்சு மாதிரி இறுகவிடுவதுதான் பெட்டிங் (bedding).

நம்முடையது .177 அங்குல பிரேக் பேரல் (குழாயை மடக்கி லோடு செய்வது) ஸ்பிரிங் ரைஃபிள், 20 ஜூலுக்கு உட்பட்டது, லைசென்ஸ் தேவைப்படாத ரகம். ஸ்பிரிங் துப்பாக்கி இரண்டு பக்கமும் உதைக்கும். பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் போகும், பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் வரும். பெல்லட் குழாயை விட்டுப் போவதற்குள்ளேயே இந்த ஆட்டம் தொடங்கிவிடும். ஸ்டாக்குக்குள் சிலிண்டர் (பிஸ்டன் ஓடும் உலோக உருளை) ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து உட்காராவிட்டால் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் பயனில்லை. சிலிண்டரின் அடியில் மார்க்கிங் ப்ளூ பூசி ஸ்டாக்கில் வைத்து எடுத்தேன். நீலம் ஒட்டியது இடது பக்கம் இரண்டே இடத்தில். வலது பக்கம் ஒரு பொட்டுகூட இல்லை. முன் ஸ்க்ரூக்கள் அடிக்கடி லூசானதற்கும் காரணம் அதுதான்.

ரெசின் விஷயத்தில் கிருஷ்ணகிரிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். கிரானைட் பாலிஷ் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கல் விரிசல் அடைக்கும் எபாக்ஸி கிலோ கணக்கில் கிடைக்கும். ஆனால் அது தண்ணியாக ஓடும், விரிசலுக்குள் இறங்குவதற்கென்றே செய்தது. அலுமினியப் பொடி கலந்து கெட்டியாக்க வேண்டும். அதிரசத்துக்குப் பாகு பார்க்கிற மாதிரி குச்சியில் எடுத்து எடுத்துப் பார்த்தேன், குச்சியை விட்டு வழியாமல் நிற்க வேண்டும். பைப் ஒட்டும் பிசின் உருண்டையைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அது பைப்புக்கு நல்லது. இங்கே கெட்டியாக நின்று சிலிண்டரையே மேலே தூக்கிவிடும். ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகமும் வேண்டாம், இந்த வெயிலுக்குக் கலக்கி முடிப்பதற்குள் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும்.

சரி, உண்மையான வேலைக்கு வருவோம்: ரெசின் சிலிண்டரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது. குழியில் 2 மி.மீ. மரம் செதுக்குவதெல்லாம் சாதாரணம். விளிம்பில் பழைய மரத்தை விட்டுவைத்தால் சிலிண்டர் பழைய உயரத்திலேயே நிற்கும், அவ்வளவுதான். ஒட்டிக்கொண்டால்தான் ஸ்டாக்கை உடைத்து எடுக்க வேண்டிவரும். சிலிண்டரில் நிறமில்லாத ஷூ பாலிஷை மெல்லிசாகப் பூசி, காயவிட்டுத் துடைத்து, மறுபடி பூசி என்று மூன்று கோட். தடித்துப் பூசினால் அந்தத் தடிமன் அப்படியே ரெசினில் பதிந்து, பிறகு அத்தனை இடைவெளியாகிவிடும். ஸ்க்ரூ மரையிலும் பாலிஷ். காக்கிங் வெட்டு (ஸ்பிரிங்கை இழுக்கும் கம்பி ஓடும் நீளத் திறப்பு), ட்ரிகர் பெட்டி, சின்னச் சின்ன ஓட்டை எல்லாவற்றிலும் பிள்ளைகள் விளையாடும் களிமண். உலோகத்தில் உள்நோக்கிச் சரியும் பள்ளம் ஒன்று விட்டுப்போனாலும் ரெசின் அதற்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். டார்ச் அடித்துப் பார்த்தால் போதாது, விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும்.

வைத்த பிறகு ஸ்க்ரூவை முறுக்கக் கூடாது. முறுக்கினால் சிலிண்டர் வளைந்த நிலையிலேயே ரெசின் இறுகிவிடும், அப்புறம் பெட்டிங் செய்தும் செய்யாத கதைதான். சைக்கிள் ட்யூபை நீளவாட்டில் கிழித்துச் சுற்றினேன். பிதுங்கி வந்ததை ரப்பர் பதத்தில் பிளேடால் சீவினேன், முழுதாக இறுகிவிட்டால் உப்புத்தாள்தான் கதி. மறுநாள் ரப்பர் சுத்தியால் பேரல் பக்கம் லேசாகத் தட்ட, 'டக்' என்று வந்தது. வராவிட்டால் ஃப்ரீசரில் வைக்கச் சொல்வார்கள், உலோகம் சுருங்கி விடும் என்று. மாவுக்கும் மீனுக்கும் நடுவில் துப்பாக்கியை வைக்க எங்கள் வீட்டில் அனுமதி கிடைக்காது.

உள்ளே பார்த்தால் சிலிண்டரில் இருந்த கீறல்கூட ரெசினில் பதிந்திருக்கிறது. முன் ஸ்க்ரூக்கள் இப்போது அசையவில்லை.

பின் ஸ்க்ரூ பக்கம் இன்னும் தொடவில்லை. அங்கே மரத்தை ஸ்க்ரூ நசுக்காமல் இருக்க அலுமினிய பில்லர் (ஸ்க்ரூ நுழையும் குழல்) வேண்டும், வெளி விட்டம் 10 மி.மீ., உள் விட்டம் 6.5 மி.மீ. ஓசூரில் ஒரு லேத்தில் கொடுத்திருக்கிறேன். ஓசூரில் லேத்துக்குப் பஞ்சமில்லை, ஒற்றைப் பீஸ் என்றால் முகம் கொடுக்கத்தான் ஆளில்லை. போன் செய்தால் "நாளைக்கு வாங்கண்ணா" என்கிறார்கள்.

அது வருவதற்குள் மனசு புது ஸ்டாக்குக்குப் போய்விட்டது. இப்போதுள்ள கட்டை என் கழுத்துக்குக் குட்டை, கன்னம் ஸ்கோப்புக்கு நேராக வருவதில்லை. பலா இழைக்க எளிது, கனமும் குறைவு. வாகை பார்க்க அழகு, ஆனால் இழைக்கும்போது அந்தத் தூள் தும்மியே கொல்லும். நிழலில் நன்றாகக் காய்ந்த பலாப் பலகை, 2 அங்குலக் கனம், 3 அடி நீளம், காவேரிப்பட்டினம், பர்கூர் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பச்சை மரம் வேண்டாம்.