மின்சாரம் வந்தும் வராத இணையம்

எங்கள் வீட்டில் தொலைக்காட்சிக்குப் பின்னால் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்று கிடக்கிறது. அதில் ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருள்தான் வலைத்தளப் பெயர்களுக்கு உரிய எண் முகவரியை (ஐபி முகவரி) தேடித் தருகிறது. விளம்பரங்களைத் தடுக்க நானே அமைத்தது. ஆகவே அது படுத்துவிட்டால் திட்டு வாங்குவதும் நானேதான்.

மின்வெட்டு முடிந்த பிறகு பெரும்பாலும் அது எழுந்திருக்காது. "கரண்ட் வந்துவிட்டது, நெட் எங்கே?" என்பார் அம்மா. நான் வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியே பைக்குள் நுழைந்து டிஎன்எஸ்மாஸ்க் சேவையைக் கையால் தொடங்கினால் மறுபேச்சில்லாமல் ஓடும். பெயர் கேட்டு வரும் கோரிக்கைகளுக்கு வாசலான 53ஆம் போர்ட்டை வேறு எதுவும் பிடித்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. மெமரி கார்டைச் சந்தேகப்பட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். வீண் செலவு.

அதற்குப் பிறகுதான் பையின் நிகழ்வுப் பதிவேடான ஜர்னலைத் திறந்தேன், முதல் நாளே திறந்திருக்க வேண்டியதை. இந்தப் பையில் மின்கலக் கடிகாரம் இல்லாததால் நேரங்கள் எல்லாம் பழையவை. செய்தி மட்டும் தெளிவு. 192.168.1.10 என்ற முகவரியில் கோரிக்கைகளைக் கேட்கும் சாக்கெட் திறக்க முடியவில்லை, கேட்ட முகவரி இந்தக் கணினியில் இல்லை. அந்த முகவரியைத் தருவது ரூட்டர். பை எழுந்து வெகு நேரம் கழித்துத்தான் எங்கள் பழைய ரூட்டர் கண் விழிக்கும்.

சேவையை எப்போது, எப்படித் தொடங்குவது என்று சொல்லும் யூனிட் கோப்பில் 'ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட்' என்று இருந்தது. நெட்வொர்க் தயாரான பிறகு என்று அதை நான் படித்திருந்தேன். அது தவறு. நெட்வொர்க்கை நிர்வகிக்கும் மென்பொருள் தொடங்கிவிட்டது என்பதற்கு மேல் அந்த டார்கெட், அதாவது பூட் ஆவதில் அந்தக் கட்டம், எந்த உறுதியும் தருவதில்லை. முகவரி வரும்வரை காத்திருக்க 'நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்' வேண்டும். அதையும் 'ஆஃப்டர்' வரியில் மட்டும் எழுதினால் வரிசைதான் அமையும். அந்த டார்கெட்டை வரவழைக்க 'வான்ட்ஸ்' வரியும் தேவை. இரண்டையும் சேர்த்தேன். ஐந்து முறை ரீபூட் செய்தேன், ஐந்து முறையும் வேலை செய்தது.

அடுத்த மின்வெட்டில் மறுபடியும் அதே கதை.

ரீபூட் செய்தபோதெல்லாம் ரூட்டர் விழித்தே இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. நான் சோதித்தது மின்வெட்டையே அல்ல. இந்த முறை இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒன்றாகச் செருகினேன். உடனே தோல்வி. இவ்வளவு மகிழ்ச்சியாக ஒரு பிழைச் செய்தியை நான் படித்ததில்லை. பையின் நெட்வொர்க்கை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் காத்திருப்புக்கு இயல்பான உச்சவரம்பு 60 விநாடி. ரூட்டருக்கோ இரண்டு நிமிடம் வேண்டும். காத்திருப்பு தோற்றாலும் பூட் நிற்பதில்லை. முகவரி இல்லாமலேயே டிஎன்எஸ்மாஸ்க் கிளம்பி விழுகிறது.

உச்சவரம்பை ஏற்றியிருக்கலாம், ரூட்டர் இன்னும் சோம்பினால் மறுபடியும் ஏற்ற வேண்டியிருக்கும். டிஎன்எஸ்மாஸ்க்கின் கையேட்டைப் புரட்டியபோது வேறு வழி அகப்பட்டது. என் அமைப்புக் கோப்பில் 'பைண்ட்-இன்டர்ஃபேசஸ்' என்று இருந்த வரியை 'பைண்ட்-டைனமிக்' என்று மாற்றினேன். இனி முகவரி இல்லாவிட்டாலும் சேவை எழுந்து நிற்கும். முகவரி வந்ததும் அதில் கேட்கத் தொடங்கும்.

மறுபடியும் இரண்டு பிளக்கையும் பிடுங்கிச் செருகினேன். ரூட்டரின் விளக்கு பச்சையாவதற்குள் அம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். பச்சையானது, நெட் வந்தது. புது மெமரி கார்டு கேமராவுக்குப் போயிற்று.