ஏப்ரல் 6ஆம் தேதியிட்ட கடிதம்

எங்கள் வீட்டுக் கடனுக்கு வங்கி கொடுத்த சாங்ஷன் லெட்டரில், அதாவது கடன் ஒப்புதல் கடிதத்தில், இருக்கும் தேதி 2022 ஏப்ரல் 6, புதன்கிழமை. அது ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால், அதாவது மார்ச் 31க்குள் கையெழுத்தாகியிருந்தால், அரசின் வட்டி மானியமாக எங்கள் கடனில் 2 லட்சத்து 67 ஆயிரம் ரூபாய் வரை அப்படியே கழிந்திருக்கும். இத்தனை நாள் இதை வீட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன். இப்போது தம்பி குன்னூரில் வீடு பார்க்கிறான், அவனோடு வேலை செய்கிறவர்களும் இரண்டு மூன்று பேர் வீட்டுக் கடன் சலுகை பற்றி என்னிடம் கேட்டுவிட்டார்கள், அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் பிறந்தது கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில். 1964ஆம் வருட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கி, அங்கிருந்து இந்த மலைக்கு வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. அப்பா அப்போது சின்னப் பையன். லைன் வீடு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், ஒரு அறை, அதை ஒட்டி ஒரு அடுப்பங்கரை, விறகுப் புகையில் கறுத்துப்போன கூரை, பக்கத்து வீட்டில் இருமினால் நம் வீட்டில் கேட்கும். வேலை இருக்கிறவரைக்கும்தான் அந்த வீடு. 2021இல் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்தபோது, சாவியைத் தன் துண்டில் துடைத்துவிட்டு ஆபீசில் கொடுத்தார். இலங்கையிலும் லயம், இங்கேயும் லைன். மூன்று தலைமுறையாக எங்கள் பெயரில் ஒரு கதவுகூட இருந்ததில்லை.

அதனால் 'முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு அரசு சலுகை' என்று யாராவது சொன்னால் எனக்கு அது எங்களுக்காகவே சொன்னது மாதிரி இருக்கும். அப்போது எல்லார் வாயிலும் இருந்தது 80இஇஏ என்ற பிரிவு. முதல் வீடு வாங்கினால் வருமான வரியில் கூடுதலாக 1.5 லட்சம் கழிவு, 2022 மார்ச் 31க்குள் கடன் சாங்ஷன் ஆக வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நாங்கள் பார்த்த வீடு கோத்தகிரிக்குள்ளேயே, 560 சதுர அடி, விலை 19 லட்சம். அப்பாவின் பி.எஃப், கிராஜுவிட்டி பணத்தையும் என் நகையையும் வைத்து 5 லட்சம் புரட்டினோம், 14 லட்சம் கடன் கேட்டோம். ஜனவரியிலேயே பேப்பர் கொடுத்தாயிற்று. ஆனால் பட்டா விற்கிறவரின் தாத்தா பெயரில் இருந்தது, உட்பிரிவு ஆகவில்லை, வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றார் வங்கி வக்கீல், சர்வேயர் வந்து அளந்து போக மாசி முடிந்துவிட்டது. கடைசியில் ஆறு நாள் தப்பியது.

நான் அழுதேன். வரிச் சலுகை போய்விட்டதே என்று அழுதேன். பிறகு ஒரு வருடம் கழித்து, தெரிந்த ஆடிட்டர் ஒருவர் என் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்க வரியே கட்டலையேம்மா, எதுல கழிக்கப் போறீங்க?"

என் சம்பளம் வருடத்துக்கு 3.6 லட்சம். கழிவுகள் உள்ள பழைய வரி முறையிலும் 5 லட்சம் வரைக்கும் தள்ளுபடி போக வரி கிடையாது. அது ஒரு பக்கம். இன்னொன்று, 80இஇஏ என்பது வட்டிக்குக் கொடுக்கும் கூடுதல் கழிவு. 24(பி) பிரிவில் முதலில் 2 லட்சம் வரை வட்டியைக் கழித்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வட்டி போனால்தான் 80இஇஏவுக்கு வேலையே வரும். 14 லட்சத்துக்கு அன்றைய 7 சதவீதத்தில் முதல் வருட வட்டி ஒரு லட்சம்கூட வராது. முழுசாக 3.5 லட்சம் கழிக்க வேண்டுமென்றால் 50 லட்சத்துக்கு மேல் கடன் இருக்க வேண்டும், ஆனால் வீட்டின் முத்திரைத்தீர்வை மதிப்பு 45 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஆக, மலையில் எங்களைப் போல 15, 20 லட்சத்துக்குள் வீடு வாங்குகிறவர்களுக்கு அந்தப் பிரிவு கிடைத்திருந்தாலும் ஒன்றும் கிடைத்திருக்காது.

எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது வேறு. பிரதமர் ஆவாஸ் யோஜனா நகர்ப்புறத் திட்டத்தில் வட்டி மானியம் என்று ஒன்று இருந்தது. வருட வருமானம் 6 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்குக் கடனில் முதல் 6 லட்சத்துக்கு 6.5 சதவீத வட்டி மானியம், அதை மொத்தமாகக் கணக்குப் போட்டு ஒரே தடவையில் கடன் கணக்கில் வரவு வைப்பார்கள். அதிகபட்சம்தான் அந்த 2 லட்சத்து 67 ஆயிரம். என் சம்பளமும் வீட்டுக்காரர் வண்டி ஓட்டிக் கொண்டுவருவதும் சேர்த்து 5.4 லட்சம். வீடு பெண் பெயரில் இருக்க வேண்டும், இருந்தது. கார்ப்பெட் ஏரியா, அதாவது சுவருக்குள் புழங்கும் இடம், 60 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும், இருந்தது. எங்களுக்கு நாட்டில் எங்கேயும் கட்டிய வீடு கிடையாது. லைன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம், அது கணக்கில் வராது. நகர்ப்புறத் திட்டம் என்றால் ஊட்டி, கோயம்புத்தூர்தான் என்று நினைத்திருந்தேன், பேரூராட்சியும் அதில் சேர்த்தி, கோத்தகிரி அப்போது பேரூராட்சி. எல்லாமே பொருந்தியது. அதற்கும் கடைசி நாள் அதே 2022 மார்ச் 31.

வங்கியில் ஒருத்தர்கூட இதை வாய் திறந்து சொல்லவில்லை. நானும் வரி, வரி என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். மானியம் வந்திருந்தால் மாதத் தவணை 10,850லிருந்து 8,800க்கு வந்திருக்கும். மாதம் 2,000 ரூபாய் என்றால் எங்கள் வீட்டில் அது அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் கேஸ் சிலிண்டரும். போதாததற்கு அந்த மே மாதத்திலிருந்து ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) ஏறத் தொடங்கி, பத்து மாதத்தில் 4லிருந்து 6.5க்குப் போய், எங்கள் 20 வருடக் கடன் இன்னும் நீண்டுவிட்டது.

சரி, இனிமேல் வாங்குகிறவர்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில், 80இஇஏ முடிந்துபோன கதை. 2019 ஏப்ரல் 1 முதல் 2022 மார்ச் 31 வரை சாங்ஷன் ஆன கடன்களுக்கு மட்டும்தான் அது. அதற்கு முந்தைய 80இஇயும் (2016–17இல் சாங்ஷன் ஆனவை, 50,000 ரூபாய்) அப்படித்தான். அந்தக் காலத்தில் கடன் வாங்கியவர்கள் கடன் முடியும்வரை கழித்துக்கொள்ளலாம், இன்றைக்குப் புதிதாக வாங்குகிறவருக்கு இல்லை. இன்னமும் வீடு விற்கிற புரோக்கர்கள் இதைச் சொல்லித்தான் ஆசை காட்டுகிறார்கள், போன மாதம்கூட என் காதால் கேட்டேன்.

மிச்சமிருப்பது, 1961ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்களில் சொன்னால், 24(பி)யும் 80சியும். குடியிருக்கும் வீட்டுக்கு வட்டி 2 லட்சம் வரை, அசல் 1.5 லட்சம் வரை; பத்திரம் பதிந்த வருடத்தில் முத்திரைத்தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அந்த 1.5 லட்சத்துக்குள் காட்டலாம், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வாங்கிய ஐந்து வருடத்துக்குள் விற்றால் 80சியில் கழித்ததெல்லாம் திரும்ப வருமானமாகிவிடும். கணவன் மனைவி இரண்டு பேரும் வரி கட்டுகிறவர்கள் என்றால், பத்திரத்திலும் இரண்டு பெயர், கடனிலும் இரண்டு பெயர் இருந்தால் ஆளுக்கு 2 லட்சம் வட்டி கழிக்கலாம். கடனில் மட்டும் பெயர் இருந்து பத்திரத்தில் இல்லாவிட்டால் தவணை கட்டுவது மட்டும்தான் அவர் பங்கு. சொந்தக்காரரிடம் வட்டிக்கு வாங்கி வீடு கட்டியிருந்தால்கூட அந்த வட்டிக்கு 24(பி) உண்டு, கடன் கொடுத்து வட்டி வாங்குகிறவர் அதை எழுதிக் கொடுக்க வேண்டும். அசலுக்கு மட்டும் 80சி கிடையாது. பட்டா சிக்கலால் வங்கிக் கடன் கிடைக்காத கூடலூர் பக்கத்து ஜென்ம நிலக்காரர்களில் (பழைய ஜென்மிகளின் நிலத்தில் இருப்பவர்கள்) சம்பளக்காரர் யாராவது இருந்தால் இது உதவும்.

ஆனால் இதெல்லாம் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு. 2023–24 நிதியாண்டிலிருந்து நாம் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைதான், அதில் குடியிருக்கும் வீட்டு வட்டிக்கும் கழிவில்லை, 80சியும் இல்லை. 2025–26 முதல் புதிய முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரியே வராது. நம் பக்கத்தில் பெரும்பாலான சம்பளம் அதற்குள்தான். அப்படிப்பட்டவர்கள் வரிக் கழிவைத் தேடி அலைந்தால் நான் அலைந்த மாதிரிதான். வரிக் கழிவு வரி கட்டுகிறவருக்கு. கடன் வாங்குகிற நமக்கு வட்டி மானியம்தான் பணம்.

அந்த மானியம் இப்போது மறுபடி வந்திருக்கிறது, பிஎம்ஏஒய் (பிரதமர் ஆவாஸ் யோஜனா) நகர்ப்புறம் 2.0 என்று. 2024 செப்டம்பர் 1 முதல் சாங்ஷன் ஆகும் கடன்களுக்கு. குடும்ப வருமானம் 9 லட்சம் வரை இருக்கலாம், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், கார்ப்பெட் ஏரியா 120 சதுர மீட்டருக்குள். முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம், அதிகபட்சம் 1.80 லட்சம். முன்பு மாதிரி மொத்தமாக வராது, ஐந்து வருடத் தவணையாக வரும், வருடம் 36,000. அதற்குள் நகையை விற்று, சீட்டு எடுத்து, கடனை வேகமாக அடைத்துவிடலாம் என்று இறங்காதீர்கள்: மானியம் வரும் நேரத்தில் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கியும் இருக்க வேண்டும். கடந்த 20 வருடத்தில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பலன் வாங்கியிருக்கவும் கூடாது.

ஊராட்சிப் பகுதியில் வீடு என்றால் பெரும்பாலும் இந்தத் திட்டம் இல்லை. இதை விலை பேசுவதற்கு முன்பே பாருங்கள். கேத்தியும் ஜெகதளாவும் பேரூராட்சிகள், சரி. ஆனால் இரண்டு வளைவு தள்ளி ஊராட்சி எல்லை வந்துவிடும், வீட்டுவரி ரசீதில் பேரூராட்சி பெயரா ஊராட்சி பெயரா எது அச்சடித்திருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

தம்பி விஷயத்தில் ஒரு முடிச்சு விழுந்தது. திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள். அவன் பெயரில் ஒன்றுமில்லை. அவன் மனைவியின் அப்பா 2019இல் இறந்துபோனார், உயில் எழுதவில்லை, மேட்டுப்பாளையத்தில் இருக்கும் வீட்டின் பட்டா இன்னும் அவர் பெயரில்தான். பட்டா மாறாவிட்டாலும் சட்டப்படி அவளுக்கும் அதில் ஒரு பங்கு வந்துவிட்டது. 'எங்கும் வீடு இல்லை' என்று உறுதிமொழி கொடுக்கும்போது இது என்னவாகும்? அந்த வீடு அம்மாவுக்கே என்று அவளும் அவள் அண்ணனும் முன்பே பேசி வைத்திருந்ததால், முதலில் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்துவிட்டு, அதன் பிறகுதான் விண்ணப்பம் போட வைத்தேன். 1.80 லட்சத்துக்காகப் பிறந்த வீட்டுப் பங்கை யாரும் விட்டுக்கொடுக்காதீர்கள், அது நான் சொல்லும் யோசனை இல்லை. ஆனால் ஹட்டியிலோ (படகர் ஊர்) சொந்த ஊரிலோ பூர்வீக வீட்டில் பங்கு இருக்கிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம் நம் மலைக்கே உரியது. கட்டட வரைபட அனுமதி. இங்கே 7 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருப்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அனுமதி இல்லாமல் மேலே ஒரு மாடி ஏற்றிய வீடுகள் நிறைய விற்பனைக்கு வருகின்றன, விலையும் கொஞ்சம் குறைவாக இருக்கும். வங்கி அதற்குக் கடன் தராது, கடன் இல்லையென்றால் மானியமும் இல்லை. தம்பி முதலில் பார்த்த வீடு அப்படித்தான். ஜன்னலைத் திறந்தால் எதிரே டால்ஃபின்நோஸ் பாறை தெரியும், அவன் மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, வேண்டாம் என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. இப்போது முடிவாகியிருப்பது 26 லட்சம், கடன் 16 லட்சம், பத்திரம் இரண்டு பேர் பெயரிலும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, புலப்படம், வரைபட அனுமதி, எல்லார் ஆதாரும், எல்லாம் ஒரு பச்சை ஃபைலில் இருக்கிறது. வங்கிக்குப் போன முதல் நாளே, "பிஎம்ஏஒய் வட்டி மானியத்தில் சேர்த்து விண்ணப்பம் எடுங்கள்" என்று எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வரச் சொன்னேன். வாங்கி வந்தான்.

சாங்ஷன் லெட்டர் இந்த வாரம் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா தினமும் சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டு, "தேதி போட்டுட்டாங்களா?" என்று கேட்கிறார்.