பூட்டுப் படம் இருந்தால் போதுமா?

நேற்று பெரியம்மாவுக்கு ஒரு குறுஞ்செய்தி. கரண்ட் பில் கட்டவில்லையாம், இன்றிரவு 9.30க்கு இணைப்பைத் துண்டிப்பார்களாம். கூடவே ஒரு லிங்க். பதறிப்போய் அதைத் திறந்துவிட்டு என்னிடம் போனை நீட்டினார். "முகவரிக்குப் பக்கத்துல பூட்டுப் படம் இருக்கேப்பா, நல்ல சைட்தானே?"

இப்படிப் பொய்ச் செய்தி அனுப்பித் தூண்டில் போடுவதற்குத்தான் ஃபிஷிங் என்று பெயர். நாம் அனுப்புவதை வழியில் வேறு யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே அந்தப் பூட்டுக்கு அர்த்தம். மறுமுனையில் இருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லாது. திருடனுக்கும் அந்தப் பூட்டு இலவசமாகவே கிடைக்கும். முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினேன். மின்வாரியத்தின் பெயரில் ஓர் எழுத்து கூடுதல்.

அப்புறம் யுபிஐ பின் நம்பர், அதாவது போனில் பணம் அனுப்பும்போது போடும் ரகசிய எண். நமக்குப் பணம் வருவதற்கு அது தேவையே இல்லை. கேட்டால் ஏமாற்று. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். பெரியம்மா அந்த எண்ணைக் காலண்டரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்.