அப்பாவின் பற்று நோட்டும் ஏழு கேள்விக்குறிகளும்

மும்பை தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். பாதி வியாபாரம் பற்றில்தான். இட்லி அவித்து விற்கிறவர்கள் அரிசியும் உளுந்தும் வாங்கிப் போய், விற்ற காசில் வாரக் கடைசியில் கணக்குத் தீர்ப்பார்கள். 2019 மழையில் பற்று நோட்டு நனைந்து மூன்று பக்கங்கள் மை கரைந்துபோயின. அன்றைக்குத்தான் இதைக் கணினியில் ஏற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன். நான் பி.காம். படித்தவள், அதுவரை நிரல் ஒரு வரிகூட எழுதியதில்லை.

சயானில் ரயிலேறி வி.டி.யில் இறங்கி, ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதையில் தடித்த பழைய புத்தகம் ஒன்றை வாங்கினேன். பிஎச்பி என்ற நிரல் மொழி, மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் இரண்டையும் கொண்டு தரவுத்தளத்தோடு பேசும் இணையச் செயலிகளைக் கட்டக் கற்றுத்தரும் புத்தகம். இணையச் செயலிகளைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க உதவும் ஸாம்ப் மென்பொருளை நிறுவி, முதல் நிரலை எழுத்துப் பிசகாமல் தட்டினேன். அது ஓடவில்லை. மூன்று இரவுகள் என் தட்டச்சிலேயே பிழை தேடினேன். கடைசியில் பார்த்தால், தரவுத்தளத்தோடு இணைய அந்தப் புத்தகம் சொன்ன கட்டளைகளை 2015 டிசம்பரில் வெளிவந்த பிஎச்பி 7 அடியோடு நீக்கிவிட்டிருந்தது. பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் அச்சான ஆண்டை முதலில் பார்த்துவிடுங்கள். அதன்பின் ஒவ்வொரு நிரலையும் பிஎச்பி கையேட்டோடு ஒப்பிட்டு, தரவுத்தளத்தோடு இணைய இன்றும் செல்லும் வழியான பிடிஓ முறைக்கு மாற்றி எழுதினேன். மெதுவாகத்தான் போனது. ஆனால் மாற்றி எழுதியதால்தான் ஒவ்வொரு வரியும் எதற்காக இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

நிரல்கள் பழசாகிவிட்டாலும், அட்டவணைகளை அமைப்பது பற்றிய அத்தியாயம் பழசாகவில்லை. 1970இல் கணினி அறிஞர் எட்கர் காட் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்த சிந்தனை அது. ஒரு விவரத்தை ஒரே இடத்தில் வை, மற்ற இடங்களில் அதன் எண்ணை மட்டும் வை என்கிறது. எங்கள் நோட்டில் மூன்று முருகன்கள் உண்டு: இட்லிக்கார முருகன், தையல்கார முருகன், மாடிவீட்டு முருகன். அப்பா முகத்தைப் பார்த்தே பக்கத்தைப் புரட்டுவார். கணினிக்கு முகம் தெரியாது. ஆகவே ஆளுக்கு ஓர் எண். வாடிக்கையாளர்களுக்கு ஓர் அட்டவணை, பற்று வரவுக்கு இன்னோர் அட்டவணை. முதலில் பாக்கித் தொகையையும் ஆளின் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்தேன். ஒரு வரவைத் திருத்தியபோது பாக்கியைத் திருத்த மறந்தேன். இரண்டும் இரண்டு கணக்குச் சொல்லின. அட்டவணையிலிருந்து அந்தப் பாக்கி நெடுவரிசையையே நீக்கிவிட்டேன். இப்போது கேட்கும்போதெல்லாம் பற்று வரவைக் கூட்டிக் கழித்துத்தான் பாக்கி வருகிறது.

பிறகு பெயர்களை ஏற்றினேன். நாற்பது பெயர்களைத் தட்டி முடித்துப் பக்கத்தைத் திறந்தால், முருகன் இருந்த இடத்தில் ஏழு கேள்விக்குறிகள். எல்லாப் பெயர்களுக்கும் அதே கதி. நான்கெழுத்துப் பெயருக்கு ஏன் ஏழு என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடில் 'மு' என்பது ஓர் எழுத்தல்ல. மகரமும் உகரக் குறியும் தனித்தனி. 'ரு'வும் அப்படியே. 'க' ஒன்று. 'ன்' என்பது னகரமும் புள்ளியும். ஆக ஏழு. அந்த எண்களைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 21. புத்தகத்தைப் பார்த்து நான் உருவாக்கிய அட்டவணையோ மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 எழுத்துத் தொகுப்பில் இருந்தது. தமிழுக்கு அதில் இடமே இல்லை. கேள்விக்குறியாகிவிட்டதை மீட்கவும் முடியாது. அட்டவணையை, யூனிகோடு எழுத்துகளையெல்லாம் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4 தொகுப்புக்கு மாற்றி, நாற்பது பெயர்களையும் மறுபடி தட்டினேன். அந்த இரவுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தேடும் பெட்டியில் தட்டுவதை அப்படியே, தரவுத்தளத்திடம் விவரம் கேட்கும் கட்டளையான வினவலோடு ஒட்டிவிடுவது அந்தப் புத்தகத்தின் வழக்கம். மேற்கோள்குறி போட்டு எப்போதும் உண்மையாகிற ஒரு நிபந்தனையைத் தட்டிப் பார்த்தேன். எல்லோருடைய கடனும் வரிசையாக வந்து நின்றது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஒருவர் பாக்கியை இன்னொருவர் காதுபட அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அன்றிரவே எல்லா வினவல்களையும் முன்தயாரித்த வினவல்களாக மாற்றினேன். பயனர் தட்டுவது இனி வெறும் மதிப்பு, கட்டளையாக முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கார அண்ணாச்சி கணக்குத் தீர்க்க வந்தார். அப்பா என்னைப் பார்த்து, "பாக்கி எவ்வளவு அம்மா, வாசி" என்றார். தேதி வாரியாக வாசித்தேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வியாழக்கிழமை வண்டு விழுந்திருந்த அரைக் கிலோ உளுந்தைத் திருப்பிக் கொடுத்தேனே, அதைக் கழிக்கவில்லையே அம்மா" என்றார்.

அப்பா நோட்டைப் புரட்டினார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'உளுந்து ½ திரும்ப' என்று சாய்வாக எழுதியிருந்தது. என் அட்டவணையில் பற்றும் வரவும் மட்டும்தான் இருந்தன. திரும்பி வந்த சரக்குக்கு இடமில்லை. அண்ணாச்சி பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனதும், மூன்றாவதாக அந்த வகையையும் சேர்த்தேன். பிறகு பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஓரங்களில் அப்பா எழுதியிருந்ததை மட்டும் பக்கம் பக்கமாகப் படிக்க ஆரம்பித்தேன்.