ஐம்பது ரூபாய் ரசீது

ஏற்காட்டில் ஒரு தோட்டத்துத் தகராறில் என் கையில் இருந்த கவாத்துக் கத்தி ஒருவர் தோளில் பட்டது. பட்டதா, நான் வெட்டினேனா என்று இன்றும் எனக்குள் வழக்கு நடக்கிறது. நீதிமன்றம் வெட்டினேன் என்றது. 3 ஆண்டு வரை சிறை உள்ள பிரிவு.

தீர்ப்புக்கு முன் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் காய்ந்துகொண்டிருந்த மிளகை விரலால் தள்ளியபடி, "சம்பளத்தை வீட்டில் கொடுக்கிறானா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்குப் பொய் வராது. "பாதி கொடுப்பான் சாமி" என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்.

முதல் குற்றம் என்பதால், 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 4-வது பிரிவில், சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக இருப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, 2 ஆண்டு அந்த அலுவலரின் மேற்பார்வையில் விட்டார்கள். சித்தப்பா ஜாமீன். குடிக்கக் கூடாது, சொல்லாமல் இருப்பிடம் மாற்றக் கூடாது, மாதம் ஒருமுறை சேலத்தில் கையெழுத்து. 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பது மட்டும் எந்தத் தாளிலும் இல்லை.

முதல் ஜனவரியிலேயே மேஸ்திரியோடு குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போய்விட்டேன். இரண்டு கையெழுத்துதானே, வந்து போட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு. திரும்பியபோது சம்மன் வந்திருந்தது. எனக்கு மட்டுமல்ல, ஜாமீன் போட்ட சித்தப்பாவுக்கும். நீதிமன்றப் படியேறும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதைவிட ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

9-வது பிரிவின்படி, நிபந்தனையை மீறியவனுக்குப் பழைய குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம். முதல் தடவை என்றால் 50 ரூபாய் வரை தண்டம் போட்டு, பத்திரத்தைத் தொடரவும் விடலாம். அலுவலர் மறுபடி வீட்டுக்குப் போய் அம்மாவிடம் விசாரித்திருந்தார். "தகவல் சொல்லவில்லை, வேலைக்குச் சென்றதாகத் தாயார் கூறினார்" என்பதுதான் அவர் அறிக்கை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எனக்கு 50 ரூபாய்.

சிரிக்காதீர்கள். 1958-இல் எழுதிய தொகை அது. கெடுவுக்குள் கட்டாவிட்டால் அந்த 50 ரூபாய்க்காகவே பழைய வழக்கின் தண்டனை வரலாம். அன்றே கட்டினேன்.

"போகாதே என்று சொன்னேனா? சொல்லிவிட்டுப் போ என்றுதானே சொன்னேன்" என்றார் அலுவலர், வெளியே வந்ததும்.

அடுத்த மாதம் அரூரில் மாமா மகள் கல்யாணம். காலையில் போனால் இரவு திரும்பிவிடலாம், இருந்தாலும் போன் செய்தேன்.

"அரூருக்கா?" சிரித்துவிட்டார். "போய்ச் சாப்பிட்டுவிட்டு வா தம்பி."